நான் எழுதிய வீடுகள்

மார்ச் 3, செவ்வாய்

கால்நடை மருத்துவமனைப் பதிவேட்டில் இன்று, "எருமைக்குப் பசியின்மை, முகத்தில் வாட்டம்" என்று எழுதினேன். மருத்துவர் படித்துவிட்டு, "வாட்டமா? எருமைக்கா?" என்றார். அருகிலிருந்து பார்த்தவள் நான், அவர் அல்லர். வாட்டம்தான்.

மாலையில் வீட்டுக்காரம்மா வந்தார். எங்கள் தலைக்கு மேலுள்ள மாடி வீடு ஐந்து மாதமாகக் காலி. "நல்லா எழுதுவியாமே. ரெண்டு வரி எழுதிக் குடு, தரகர் போன்ல போடுறாராம்" என்றார். எட்டாம் வகுப்போடு நின்று, அகராதியையே ஆசானாகக் கொண்டு வளர்ந்தவளிடம் வந்து, இரண்டு வரி! எனக்கு முன்னுரைக்கே அது போதாது.

மார்ச் 4, புதன்

எழுதி முடித்தேன். நினைவுக்காக இங்கும்:

"விடியலின் பொன்னொளி முதன்முதலில் தொட்டெழுப்பும் சமையலறை. கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை. புள்ளினங்களின் இசையன்றிப் பிறிதோர் ஓசை அணுகாத தனிமை."

கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் மோட்டார் பழுதுபார்ப்பவர். பட்டறை எங்கள் வீட்டின் பின்கொட்டகையில் இருக்கிறது. "ஓசை அணுகாதா? அப்போ நான் நாள் பூரா சுத்தியலால அடிக்கிறது யாருக்குக் கேக்குது, புலவரம்மா?"

சிலவற்றைச் சொல்லாமல் விடுவதும் எழுத்துக்கலையின் ஒரு கூறு என்று விளக்கினேன். "எங்க வியாபாரத்துல அதுக்கு வேற பேரு" என்றார்.

மார்ச் 11, புதன்

மாடி போய்விட்டது! நகரத்திலிருந்து காரில் ஓர் இணையர் வந்தனர். சனி, ஞாயிறு மட்டும் வந்து தங்குவார்களாம். வீட்டுக்காரம்மா மனத்தில் வைத்திருந்தது ஆறாயிரம். தரகர் வாய்கூசாமல் பதினான்கு என்றாராம். அவர்களோ, "அவ்வளவுதானா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண் படியேறும்போது "புள்ளினங்களின் இசை" என்று எனது சொற்களைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். நான் கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையை மூன்று முறை பிழிந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு வாரத்தில் ஐந்து வீடுகள் எழுதிவிட்டேன். ஜன்னலற்ற அறையை "அந்தரங்கம் காக்கும் அறை" ஆக்கினேன். கிழக்குக் கோடியிலிருந்த ஆட்டுக்கொட்டகை, என் பேனா பட்டதும் "தொன்மை மாறாத குடில்" ஆயிற்று. தரகர் சொன்னார்: "அக்கா, நீங்க எழுதிக் குடுத்தா தூர்ந்த கிணத்தைக்கூட நான் மாடி வீடுன்னு வித்துடுவேன்."

கூலி வாங்கவில்லை. கலைக்கு விலை ஏது?

ஏப்ரல் 2, வியாழன்

விலை தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரம்மா கைப்பேசியோடு வந்து, நான் எழுதியதையே எனக்குப் படித்துக் காட்டினார். "பொன்னொளி, பசுமை, எல்லாம் நீயே சொல்லியிருக்கே. கீழ் வீட்டுக்கும் அதே சூரியன்தானேம்மா?" அடுத்த மாதம் முதல் எங்களுக்கும் பதினான்காயிரமாம். இயலாதெனில் மே முடிவதற்குள் காலி செய்ய வேண்டுமாம்.

நாங்கள் கொடுப்பது ஐந்தாயிரம். அதுவே — ஐயோ, பதினோரு வருஷம்! சுவத்துல ஆணி அடிக்கக்கூட அவங்ககிட்டக் கேட்டுட்டுத்தான அடிச்சேன்! எங்க போறது? டவுனுக்குப் போனா ரெண்டு மணி நேர பஸ். ஆஸ்பத்திரி காலையில ஆறு மணிக்குத் திறக்கணும். அவரோட பட்டறையை எந்த மாடியில தூக்கி வைக்கிறது?

கணவர் கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம். "உலகத்துலயே தன் வாடகையைத் தானே எழுதி ஏத்துன ஒரே ஆளு நீதான் தாயே" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 3, வெள்ளி

எழுதுவதற்கு ஒன்றுமில்லை. எழுதியதே போதும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வீடு தேடும் படலம். இந்த வட்டாரத்தில் காலியாக இருந்தவை ஆறு. அவற்றுள் ஐந்துக்கு நான் எழுதிவிட்டேன், ஐந்தும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன.

காலையில் கணவர் கைப்பேசியும் கையுமாக ஓடி வந்தார். "இதைக் கேளு! 'முல்லைக்கொடி தழுவும் வாசல். தொன்மை மாறாத குடில். உழைத்துக் களைத்தோருக்கு ஓர் அடைக்கலம்.' நம்மளைப் பத்தியே எழுதின மாதிரி இல்ல?" அவர் குரலே தழுதழுத்தது. வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

கிழக்குக் கோடிக்குப் போனதும் வண்டியை நிறுத்தி, நெடுநேரம் பார்த்தார்.

"இது ஆட்டுக்கொட்டாய்."

"ஆம்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் வந்தே?"

"நீங்கள் படித்தபோது கேட்பதற்கு இனிமையாக இருந்தது."

ஒன்பதாயிரம் கேட்கிறார்கள். முன்பணம் தனி.

ஏப்ரல் 18, சனி

மருத்துவமனையிலிருந்து லாரி எடைமேடைக்குப் பின்னாலுள்ள சாலை வழியாக நடந்து வந்தேன். ஒரு வேலியில் தகரப் பலகை, சுண்ணாம்பில் பெரிதாக:

வாடைக்கு வீடு

நின்றுவிட்டேன். வாடகையில் ஒரு "க" விடுபட்டதால், மனிதர் துர்நாற்றத்துக்கு வீடு கொடுத்துக்கொண்டிருக்கிறார்! பிழையைக் கண்டும் காணாமல் போவது எனக்கு இயலாத காரியம். திருத்திக் கொடுக்கும் நோக்கத்துடன்தான் உள்ளே போனேன். அது மட்டுமே நோக்கம்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். "உள்ள வாங்க, உள்ள வாங்க, படியில நிக்காதீங்க!" இரண்டு அறைகள். சமையலறைக் குழாயில் தண்ணீர் வந்தது. பின்னால் ஒரு கொட்டகை. அதில் ஒரு பட்டறையே அடங்கும்.

"வாடகை...?"

"அஞ்சரை. ஆனா மூணு மாசமா ஒருத்தரும் ஏறலம்மா. தரகர்கூட வந்தாரு. போர்டைப் படிச்சாரு, மூக்கைப் பொத்திக்கிட்டாரு, அப்படியே திரும்பிட்டாரு. ஏன்னே புரியல."

மூச்சை இழுத்துப் பார்த்தேன். சோப்பு மணம்தான்.

"ஐயா, அந்தப் பலகையில்..." என்று தொடங்கினேன். அவர், "என்னம்மா?" என்றார்.

"எழுத்து அழகாக இருக்கிறது" என்றேன்.

மே 2, சனி

குடிபெயர்ந்தோம். கடைசிப் பெட்டியைத் தூக்கும்போது பழைய வீட்டுக்காரம்மா, "போறதுக்கு முன்னாடி கீழ் வீட்டுக்கும் ரெண்டு வரி எழுதிட்டுப் போயேன்" என்றார். எனது மொழி தற்போது ஓய்வில் இருப்பதாகப் பணிவுடன் தெரிவித்துக்கொண்டேன்.

மே 9, சனி

ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. ஒரு மனிதரின் எழுத்துப்பிழையில் நான் குடியிருக்கிறேன். மனச்சாட்சி உறுத்துகிறது, உண்மையைச் சொன்னால் வாடகை ஏறும். ஏறட்டும் என்று இன்று சொல்லிவிட்டேன்.

நடத்துநர் பலகையைக் கொண்டுவந்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். "அப்போ மூணு மாசமா நாத்தத்துக்கு வீடு குடுக்கறேன்னு ரோட்டுக்கே சொல்லிட்டிருந்தேனா?" சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. "அன்னிக்கே சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே!"

"அதனால்தான் சொல்லவில்லை, ஐயா." தலை நிமிர்ந்து சொன்னேன். "இனி வாடகையை உயர்த்துவதென்றால் அது உங்கள் உரிமை."

"டிக்கெட் கிழிச்சாச்சும்மா. நடுவழியில ரேட்டை மாத்துறது நம்ம பழக்கமில்ல."

உள்ளே வந்து இரண்டு முறை சாப்பிட்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

நடத்துநர் தாம் குடியிருக்கும் பக்கத்தில் ஓர் அறையையும் வாடகைக்கு விடப்போகிறார். செய்தி பரவி, காலையிலேயே நகரத்துக் கார் ஒன்று வந்து நின்றது. பேசி அனுப்பிவிட்டு வந்த நடத்துநர் பொரிந்து தள்ளினார்: "வாரத்துக்கு ரெண்டு நாள் வருவானாம், மீதி நாளு பூட்டி வெப்பானாம். சீட்டுல துண்டைப் போட்டுட்டு இறங்கிப் போறவனை நான் முப்பது வருஷமாப் பாத்தவன். நிக்கிறவனுக்கு இடமில்லாமப் போகுது. இங்க வேலை செய்யறவங்களா வேணும். நீங்கதான் நல்லா எழுதுவீங்களே, அதுக்குத் தகுந்தாப்புல போர்டு எழுதிக் குடுங்க."

பிற்பகல் முழுவதும் அமர்ந்து எழுதினேன். எண்ணெய்ச் சாயம், மெல்லிய தூரிகை, அளவுகோல் வைத்து இழுத்த கோடுகள். இதுவரை நான் எழுதியவற்றுள் இதுவே மிகச் சிறியது, இரண்டே சொற்கள்.

வேலியில் கட்டிய அரை மணிக்குள் தரகரின் வண்டி வந்து வேகம் குறைத்தது. படித்தார். வேகம் கூட்டினார்.

கொட்டகையிலிருந்து கணவர் கை துடைத்தபடி வந்து பார்த்தார். "எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. ஆனா புலவரம்மா, 'வாடைக்கு அறை'ன்னு இருக்கே. ஒரு 'க'வை விட்டுட்டியே. ஓரமாச் சேத்துடலாமா?"

"முடியாது" என்றேன். "இடம் விடாமல்தான் எழுதியிருக்கிறேன்."