புது ஆட்டத்தில் என் இடம்

அன்புள்ள மிளகுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று இனி உன்னை மட்டும் கேட்டால் போதாது, உன் பஸ் அக்காவையும் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஆனால் நான் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் நொண்டுகிறார். கண்ணாடிக் கடையில் பள்ளி திறக்கும் நேரத்துக் கூட்டம். நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் இது தெளிவா அது தெளிவா என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இந்தத் தலையணையா அந்தத் தலையணையா என்று அதே குரலில் கேட்கிறேன் என்று அப்பா கேலி செய்கிறார். இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் நீ எப்போதும் ஹெட்செட்டோடு இருக்கிறாய், அந்தப் பக்கம் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை.

நாம் இருவரும் ஆன்லைனில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை மூடுகிறார்கள் என்றதும் நீ புதிதாக மூன்று ஆட்டங்களை அனுப்பி, பிடித்ததைச் சொல்லச் சொன்னாய். மூன்றையும் ஆடிப் பார்த்தேன். பறக்கும் தீவு ஆட்டத்தில் என் பொம்மைக்கு மூக்கைச் சரிசெய்யவே ஒரு மாலை போய்விட்டது. எட்டிப் பார்த்த அப்பா, இவ்வளவு அழகா இருந்தா சண்டைக்கு யாரு அனுப்புவாங்க என்றார், அதோடு அதை விட்டுவிட்டேன். பனிமலை ஆட்டத்தில் இரண்டு பேர் மட்டும்தான் போக முடியும். துறைமுக ஆட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும், அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமையன்று, நீ அக்கா என்று கூப்பிடும் அந்த பஸ் ஓட்டும் தோழியையும் கூட்டி வந்தாய்.

அன்று நடந்தது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. பழைய ஆட்டத்தில் நான்தானே உனக்கு வைத்தியர், அந்தப் பழக்கத்தில் இங்கேயும் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு திரையில் உன் பெயரையே அமுக்கிக்கொண்டிருந்தேன். உனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அம்மா, நானும் இங்கதான் செத்துக் கிடக்கேன், கொஞ்சம் இந்தப் பக்கமும் பாருங்க என்றாள் அவள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அடுத்த சுற்றில் அவள் வைத்தியரானாள், இருவருக்கும் பாகுபாடு இல்லாமல் மருந்து போட்டாள், அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. அதற்கிடையில்தான், பாப்பா, பல்லு பிடுங்கின இடத்துல வீக்கம் வத்திடுச்சா என்று கேட்டாள். நீயும், வத்திடுச்சுக்கா, நீங்க சொன்ன மாதிரியே உப்புத் தண்ணில கொப்பளிச்சேன் என்றாய். எந்தப் பல், எப்போது பிடுங்கினாய், எனக்கு எதுவும் தெரியாது. சின்ன வயதில் உப்புத் தண்ணீர் டம்ளரோடு நான் உன் பின்னால் வீடெல்லாம் ஓடியிருக்கிறேன், ஒரு வாய் கொப்பளித்ததில்லை நீ. பிறகு கேட்டதற்கு, நீ பயப்படுவேன்னுதான் சொல்லலைம்மா என்றாய்.

எனக்கு வந்தது பொறாமைதான். வருத்தம், அக்கறை என்று வேறு பெயர்கள் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. அன்றைக்கே, பனிமலை ஆட்டம்தான் பிடித்திருக்கிறது, இசை அருமை என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். அந்த இசையை நான் கேட்கவே இல்லை, சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆடினேன். அங்கே மூன்றாவது ஆளுக்கு இடமில்லை, எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். சரிம்மா, உன் இஷ்டம் என்று உடனே பதில் போட்டாய். அதான் ஜெயிச்சுட்டியே, அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க என்று அப்பா கேட்டார்.

கடையில் லென்ஸ் மாற்றும்போதெல்லாம் யோசித்தேன். அவளை வெளியே நிறுத்திவிட்டால் நீ என்னிடம் பல்லைப் பற்றிச் சொல்லிவிடுவாயா? மாட்டாய். பனிமலையில் நாம் இருவர் மட்டும் நடப்போம், உனக்கு வாய் வீங்கியிருக்கும், நான் நல்லாருக்கியா என்று கேட்பேன், நீ நல்லாருக்கேன் என்பாய். கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரிந்தவளையும் நானே துரத்தியிருப்பேன்.

அதனால் துறைமுக ஆட்டமே இருக்கட்டும். மருந்துப் பை அவளிடமே இருக்கட்டும். நான் கேடயம் எடுத்துக்கொள்கிறேன். அடிபட்ட பிறகுதான் அவளுக்கு வேலை, நான் உனக்கு முன்னால் நிற்பேன். மூன்று நாளாகப் பழகுகிறேன், இரண்டு முறை பாலத்திலிருந்து கடலில் விழுந்தேன், இப்போது பரவாயில்லை. பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. அவளை எனக்குப் பிடிக்கும் என்றும் சொல்லமாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: பல்லோ காய்ச்சலோ வேலையில் தகராறோ, எனக்கு முதலில் சொல், அவளுக்கு அடுத்ததாகச் சொல். பயப்படுவது என் வேலை, அதை என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

நேரத்துக்குத் தூங்கு, உடம்பைப் பார்த்துக்கொள், எல்லா நலமும் உன்னோடு இருக்கட்டும். அப்பாவின் ஆசியும் சேர்த்து. கடிதம் கிடைத்ததும் வாயை நன்றாகத் திறந்து, பல் பிடுங்கிய இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

உன் அம்மா