நீரும் நீங்களும்

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
12.11.1991

மயூரியின் அப்பாவுக்கு,

நடுச்சாமத்தில் எழுதுகிறேன், குறை நினைக்காதேங்கோ. ஹீட்டர் பழுது, பிள்ளைக்கு இருமல், இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பகலில் பேனையைத் தொட விடுகிறாளில்லை.

மாலை வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறேன். கீழ்வீட்டுத் தவநாயகி அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறா. இந்தத் தவணை நானூறு வருடத்துக்கு முந்தின ஆங்கில நாடகங்களும் கவிதைகளும். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரருக்கும் 'நீ', 'நீங்கள்' என்று இரண்டு சொல் இருந்ததாம். நெருங்கினவர்களுக்கு ஒன்று, மரியாதைக்கு மற்றது. வகுப்பில் எல்லாரும் முழிசினார்கள். நான் கையை உயர்த்தி, எங்களிடம் மூன்று இருக்கிறது, நடுவில் 'நீர்' என்று ஒன்று என்றேன். மிஸ் அதைக் கரும்பலகையிலேயே எழுதிவிட்டா!

ஒரு நாடகத்தில் புருஷன் மனைவியை 'நீ' 'நீ' என்றே பேசிக்கொண்டு வருகிறான். ஓரிடத்தில் சட்டென்று மரியாதைச் சொல்லுக்கு மாறுகிறான். "சண்டை இன்னும் தொடங்கவில்லை. ஆனால் இந்த இடத்தில் அவன் அவளை விட்டுப் போய்விட்டான்" என்றா மிஸ்.

வரும்போது பஸ்ஸில் உங்கள் போன கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "நீங்கள் இப்போதைக்கு லண்டனிலேயே இருப்பது நல்லது." கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னை 'நீர்' என்றுதானே சொன்னீர்கள்? எப்போது நான் 'நீங்கள்' ஆனேன்? கனடாவுக்குப் போய் ஆறு மாதத்தில் கூப்பிடுவேன் என்றீர்கள். ஒன்றரை வருடமாகிறது.

அன்புடன்,
மலர்


டொரன்டோ
27.11.1991

அன்புள்ள மலர்,

உமக்கென்ன விசரே? படிக்கப் போன இடத்தில் இதையா படித்தீர்? 'நீங்கள்' என்றால் நீரும் மயூரியும். இரண்டு பேரை வேறு எப்படி எழுதுவது?

இஞ்ச சரியான பனி. இரண்டு ஷிப்ட் வேலை. விசாவுக்கான ஸ்பொன்சர் விஷயம் இழுபடுகிறது. பிறகு விபரமாக எழுதுகிறேன். பிள்ளையின் இருமலுக்கு மருந்து எடும். ஹீட்டரைத் திருத்தச் சொல்லி வீட்டுக்காரரிடம் சொல்லும். நீங்கள் அங்கே நல்லாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.

பத்மநாதன்


ஃபாரஸ்ட் கேட், லண்டன்
8.12.1991

மயூரியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தவநாயகி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம் மனுசன், ரெண்டு பேரையும் நினைச்செல்லோ எழுதியிருக்கிறார். நீ ஒரு விசரி" என்று சிரித்தா. நானும் சிரித்தேன். இரண்டு நாள் நல்ல நித்திரை.

மூன்றாம் நாள், பிள்ளையின் உடுப்பைக் காயப்போடும்போதுதான் யோசித்தேன். நானும் அவளும் சேர்ந்து 'நீங்கள்' என்றால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். முதலில் 'எங்கட பிள்ளை' என்று எழுதினீர்கள். இப்போது வெறும் 'பிள்ளை'. 'எங்கட வீடு' பார்க்கிறேன் என்றீர்கள். அது 'என்ர அறை' ஆகிவிட்டது. கடைசி நாலு கடிதத்திலும் 'நாங்கள்' என்ற சொல்லே இல்லை.

நேற்று அந்த நாடகம் முடிந்தது. கடைசிக் காட்சியில் அவன் திரும்பவும் அவளை 'நீ' என்று கூப்பிடுகிறான். கேட்பதற்கு அவள் அங்கே இல்லை.

மயூரி கதைக்கத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு எல்லாரும் 'நீ'தான். உங்கள் படத்தைப் பிடித்துக்கொண்டு "நீ வா" என்கிறாள். நான் திருத்தவில்லை.

எங்களைக் கூப்பிடுகிறீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். கெதியாகப் பதில் போடுங்கள்.

மலர்