ஏற்காட்டில் கேட்ட சாக்ஸபோன்

செவ்வாய்ப்பேட்டை,
மே 26

என் சாமிக்கு,

இங்கே வெயில் தாங்கவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு பஸ் ஏறினேன் என்று உன் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜாஸ் விழா நோட்டீசில் உன் படம் இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உனக்கு முன்னால் வாசித்த டிரம்ஸ்காரரும் பியானோக்காரரும் பேப்பரைப் பார்க்கவே இல்லை. அவர்கள் இஷ்டத்துக்கு வாசித்தார்கள், ஜனம் கைதட்டியது. நம் மாதா கோயில் பேண்டில் யாராவது அப்படி வாசித்திருந்தால் அன்றைக்கே யூனிஃபார்மைக் கழற்றச் சொல்லியிருப்பேன்.

உன்னைச் சொல்லவில்லை.

பிறகு நீ சாக்ஸபோனை எடுத்தாய். அம்மாவின் அடக்கத்தில் வாசித்த அதே பாட்டு. அன்றைக்கு நோட்டில் இல்லாததை நீ வாசிக்கத் தொடங்கியதும், குழி ஓரத்திலேயே, பேண்டு மாஸ்டர் என்ற திமிரில் உன் கையிலிருந்து அதைப் பிடுங்கினேனே, அந்த இடம் வந்தது. நீ நிறுத்தவில்லை. தப்பாக வாசிக்கிறாய் என்று நான் நினைத்தது நீ அழுதது என்று, ஆறு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

பக்கத்தில் இருந்தவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தெரிஞ்ச பொண்ணுங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். எந்த முகத்தோடு என் மகள் என்று சொல்வேன்?

உன்னிடம் வராமலே பஸ் பிடித்தேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு வா. சாக்ஸபோனையும் எடுத்து வா. உன் அம்மா பாதிதான் கேட்டிருக்கிறாள்.

அப்பா