அட்ஜெக்டிவ் சேலை

அன்புள்ள அக்கா,

நேற்று மகளுக்குப் பட்டு எடுக்க தி. நகர் போயிருந்தேன். விற்பனைப் பெண் சேலையை உதறி விரித்ததும் எழுந்த புதுப் பட்டு வாசனை என்னை நம் கவுன்ட்டருக்கே கொண்டுபோய்விட்டது. நீங்கள் கண்மூடிய அன்று வராத அழுகை, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் வந்தது.

தொண்ணூறுகளில் நாம் அந்த ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்களாக நின்றோம். நின்றோம் என்பதுதான் சரி. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கத்துவார். பத்தாம் வகுப்பு ஆங்கிலம் தேறிவிட்டால் எனக்குப் பால்வாடி வேலை, உங்களுக்கு அதே கடையில் கேஷியர் நாற்காலி. இரண்டு பேருக்கும் அந்த ஆங்கிலம்தான் எமன்.

சொல்வகை கண்டுபிடிக்கும் கேள்வியிலாவது மதிப்பெண் வாங்கலாம் என்று, கடைக்கு வருகிறவர்கள் பேசும் ஆங்கிலத்தையே பிடித்துக்கொண்டோம். ஒருநாள் அமெரிக்காவிலிருந்து வந்த பெண் ஒருத்தி, "ஷோ மீ தட் கிரீன் சாரி" என்றாள். நீங்கள் அலமாரிப் பக்கம் திரும்பி, "ஷோ வெர்பு, சாரி நவுனு" என்று முணுமுணுத்தீர்கள். 'கிரீன்' பிடிபட்டதும் சந்தோஷம் தாங்காமல் "அட்ஜெக்டிவ்!" என்று கத்தியேவிட்டீர்கள். ஏதோ புது ரகம் என்று நினைத்துவிட்டார் அவளுடைய அம்மா.

"ஏம்மா, அட்ஜெக்டிவ்ல மாம்பழக் கலர் இருக்கோ?"

"நேத்துதாம்மா வந்துச்சு" என்று முகம் மாறாமல் எடுத்துப் போட்டீர்கள். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றாள். இரண்டு சேலை விற்றது.

தேர்வு முடிவு மாலைப் பேப்பரில் வந்தது. என் எண் இருந்தது, உங்கள் எண் இல்லை. நீங்கள் தேறாமல் நானும் பால்வாடிக்குப் போக மாட்டேன் என்று அழுதேன். உங்கள் சிந்தாதிரிப்பேட்டைக் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"இன்னாத்துக்குடி அழுவுற? அடுத்த தபா நானும் பாஸாயிடுவேன். நீ மொதல்ல போயி குந்து!"

திட்டிவிட்டு எனக்குப் பால்கோவா வாங்கித் தந்தீர்கள்.

சொன்னபடி தேறினீர்கள், அடுத்த தபா இல்லை, அதற்கும் அடுத்த தபா. பால்வாடி முடிந்ததும் பஸ் பிடித்து ஓடிவந்து பார்த்தேன். கேஷ் கவுன்ட்டரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தீர்கள். அவ்வளவு அழகாக யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இந்த வயதில் தபால் வழியில் பி.ஏ. படிக்கிறேன், அக்கா. எல்லாத் தாளும் தேறிவிட்டேன், ஆங்கிலம் தவிர. "போதும், விடும்மா" என்கிறாள் மகள். உங்களோடு நின்றவளுக்கு விடத் தெரியுமா? நேற்று அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்த கையோடு, மறுபடியும் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.