ஒரு கை அகலத்தில் நாற்பத்தெட்டுத் துளைகள்

மார்ச் 4

புதுப் பெட்டியின் முன்பலகையில், வயர் செருக எந்த ஜாக் போடுவது என்று ஒரு வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சின்ன ஜாக் என்றால் ஒரு கை அகலத்தில் நாற்பத்தெட்டுத் துளை. பனானா ஜாக் என்றால் இருபது தேறினாலே பெரிது. மாடுலர் சின்தசைசர் என்ற இந்த மின்னணு இசைப்பெட்டியை வாங்குகிறவர்கள் முதலில் துளையைத்தான் எண்ணுவார்கள். வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினால்தானே அதில் சத்தமே மாறும்.

அண்ணன் வந்து எட்டிப் பார்த்தான். “பனானா போடு குண்டூசி. ப்ளக் தடியா இருக்கும், பிடிக்க வசதி.” இந்த ஜென்மத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான்.

“மத்தவங்க பெட்டியோட சேராது. யாரு வாங்குவா?”

“எனக்குன்னு ஒண்ணு?”

“உனக்குன்னு தனியா ஒரு ஃபேக்டரி வைக்கட்டுமா?” என்றேன். சிரித்தான்.

மார்ச் 5

சின்ன ஜாக்தான்.

மார்ச் 19

மூன்று கம்பெனி மாதிரிகள் வந்தன. ஒன்று தொளதொள. இன்னொன்று பரவாயில்லை. மூன்றாவது வயரைக் கடக்கென்று கவ்விக்கொள்கிறது. வயரைப் பிடித்தே பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், கழலவில்லை! மேடையில் வயர் கழன்று மானம் போன கதைகளை எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவதையே போடப்போகிறேன்.

மே 2

முதல் பெட்டி, வழக்கம்போல, அண்ணனுக்கு. “பிரமாதம்” என்றான். ஆனால் என் எதிரில் வாசிக்கவில்லை. டீ ஆறுகிறது, குடி என்றான்.

மே 30

பெட்டியில் வாசித்து அண்ணன் ஒரு ஒலிப்பதிவுகூட அனுப்பவில்லை. முன்பெல்லாம் நாலு நாளில் பத்து அனுப்பி உயிரை எடுப்பான். பிகு பண்ணுகிறான் போல. நானும் கேட்கவில்லை.

ஜூன் 21

மூன்று பதிவுகள் வந்தன. மூன்றிலும் ஒரே சத்தம், ஒரு வயர்கூட மாற்றவில்லை. ‘சோம்பேறி ஆயிட்டியா?’ என்று கேட்டு அனுப்பினேன். ‘ஆமா’ என்று பதில்.

ஜூன் 28

பெட்டி வாங்கிய ஓர் இசைக்காரர் எழுதியிருக்கிறார் – மேடையில் இரண்டு மணி நேரம், ஒரு வயர் கழலவில்லையாம். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஜூலை 8

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். அண்ணி பாத்திரம் துலக்கியபடியே சொன்னாள்: “காலைல வேலைக்குக் கிளம்பறப்போ வயரையெல்லாம் நான்தான் செருகிட்டுப் போறேன். சாயங்காலம் வரைக்கும் அதையேதான் வாசிக்கறாரு. அவரால பிடுங்க முடியல. ஒரு வருஷமா விரல் மூட்டெல்லாம் வீக்கம். உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்? உன்கிட்ட ஏதோ கேட்டேன்னு சொன்னாரே.”

கேட்டான். கேட்டானே – நான் என்ன சொன்னேன்? ஃபேக்டரி வைக்கட்டுமான்னு கேட்டேன். அவன் பிடிக்க வசதின்னு சொன்னப்போ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் கையைப் பார்த்திருக்கக் கூடாதா? பலகையையே பார்த்துட்டிருந்தேன். அப்புறம் இருக்கறதுலயே இறுக்கமான ஜாக்கா தேடிப் போட்டேன். சோம்பேறின்னு வேற சொன்னேன்.

அவன் குளித்துவிட்டு வந்தான். அண்ணி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஜூலை 9

வேலை ஓடவில்லை.

ஆகஸ்ட் 27

பனானா ஜாக் இருபது. பலகையை நானே துளைத்தேன். இரண்டு துளை கோணல். இருக்கட்டும்.

செப்டம்பர் 14

கொண்டுபோய்க் கொடுத்தேன். ப்ளக்கை உள்ளங்கையில் அணைத்துப் பிடித்துச் செருகினான். ஒன்று. இரண்டு. மூன்றாவதை மேசைமேல் வைத்துவிட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டான்.

“மார்ச்லயே கொடுத்திருந்தா...” என்று நான்தான் ஆரம்பித்தேன்.

“அப்போ என்னால முடிஞ்சிருக்கும்” என்றான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 6

ஞாயிறு. அவன் சொல்லச் சொல்ல நான் செருகினேன். ஒன்றை இடம் மாற்றிச் செருகிவிட்டேன், பெட்டி விநோதமாக முனகியது. “எடுக்காத, எடுக்காத!” என்று கத்தினான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இப்படித்தான் முன்பெல்லாம் அவனே தப்பும் தவறுமாகச் செருகிப் புதுச் சத்தம் கண்டுபிடிப்பான். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

கிளம்பும்போது சொன்னான்: “போறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு சத்தத்துக்கு வயரெல்லாம் செருகி வெச்சிட்டுப் போ. இந்த வாரம் அதுவே போதும். உன் அண்ணியை தினமும் படுத்த வேண்டாம்.”

“எது வேணும்?”

வெகுநேரம் யோசித்தான். ஒன்றைச் சொன்னான். செருகிவிட்டு வந்தேன்.