வலது அறையை யாரும் பார்க்கவில்லை

11, திங்கள்

காலையிலேயே வெயில். இதய ஸ்கேன் எடுக்கும் எக்கோ அறையில் ஏசி மறுபடி கோளாறு. மதியத்துக்குள் இருபத்தோரு பேர். சாப்பாடு மூன்றரைக்கு, நின்றபடி. ஜெல் பாட்டில் இரண்டுதான் பாக்கி, சொல்ல வேண்டும்.

கடைசியாக ரேவதி, மொரப்பூர்ப் பக்கம். இருபத்து நாலு வயது, ஐந்தாம் மாதம். நெஞ்சு நடுவில் நீளத் தழும்பு. பிறவியிலேயே இதயக் கோளாறு; ஐந்து வயதில் சென்னையில் ஆபரேஷன். அப்புறம் தொடர்ந்து யாரும் பார்க்கவில்லை.

"ஓட்டைய அடைச்சாச்சு, இனிமே வரவேணாம்னு எங்கப்பாகிட்ட யாரோ சொன்னாங்களாம், மேடம்."

யாரோ. ஏழைக்கு வைத்தியம் சொல்வது எப்போதும் இந்த யாரோதான்.

எக்கோ கருவியின் புரோபை நெஞ்சில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. இதயத்தின் வலது கீழறை இடதைவிடப் பெரிதாக வீங்கி. நுரையீரலுக்குப் போகும் வழியில் வால்வு இருந்தும் இல்லாத மாதிரி. போன ரத்தத்தில் பாதி திரும்பி வருகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். "மாசமா இருந்தா அப்பிடித்தான்னு அத்தை சொன்னாங்க."

முன்பு எக்கோ எடுத்ததுண்டா என்று கேட்டேன்.

"போன வருசம் எடுத்தனே. நார்மலுங்க."

பையிலிருந்து எடுத்தாள். லேமினேட் செய்த ரிப்போர்ட். பெண் பார்க்க வந்தவர்களிடம் இதைக் காட்டித்தான் கல்யாணம் முடிந்ததாம். எங்கள் சென்டர் பாலக்கோட்டில் நடத்திய இலவச முகாமில் எடுத்தது. கீழே எங்கள் டாக்டர் கையெழுத்து. ஓரத்தில், எக்கோ எடுத்த டெக்னீஷியன் என்று என் இனிஷியல்.

12, செவ்வாய்

மூட்டம். மழை இல்லை.

முகாம் நினைவுக்கு வந்துவிட்டது. கல்யாண மண்டபம். வாசலில் டாக்டர் முகம் போட்ட பேனர், ஆள் உயரம். மறைக்க ஒரு திரை கிடையாது. பெண்கள் கூச்சப்பட, சேலைக்குள் கைவிட்டுத்தான் பார்த்தேன். தழும்பைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. "எடது பக்கம் பம்பிங் பாத்தா போதும்மா, வேகமா" என்றார் டாக்டர். ரிப்போர்ட்டின் மீதி வரிகளில் கம்ப்யூட்டரே 'நார்மல்' போட்டு வைத்திருக்கும். விட்டுவிட்டேன். அன்றைக்குப் பார்த்த மற்றவர்கள்?

இன்று டாக்டரிடம் சொன்னேன்.

"கர்ப்பத்துல கூடிடுச்சுன்னு போடு."

"ஒரு வருசத்துல இவ்ளோ ஆகாது சார்."

"ஏம்மா, உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

வேண்டும். அதுதான் கேவலம்.

மாமியாரோடு நாளை வரச் சொல்லி ரேவதிக்கு போன் செய்தேன்.

13, புதன்

பவர் கட், பத்து மணிவரை. டாக்டர் சேலத்தில். அவர் இல்லாத நாளுக்கென்று கையெழுத்துப் போட்டு வைத்த வெற்றுத் தாள்கள் மேஜையில். ஒன்றை எடுத்து உள்ளதை உள்ளபடி அடித்தேன்.

பதினொன்றுக்கு இருவரும் வந்தார்கள். சொன்னேன்: சென்னைக்குப் போக வேண்டும், பிறவி இதய நோய் பார்க்கும் டாக்டரிடம். பிரசவமும் அங்கேதான்.

மாமியார் எழுந்துவிட்டார். "நல்லா இருந்த புள்ளைங்க இது. நீங்க மாத்தி மாத்தி எழுதுவீங்க, நாங்க வூட்ட வுட்டு ஊரூரா அலையோணுமா?"

"அப்பவும் நல்லா இல்லீங்க. பழைய ரிப்போர்ட் தப்பு. நான்தான் எழுதினேன்."

"அப்ப இது மட்டும் நெசமா?"

ரேவதியைப் படுக்கச் சொல்லி, மெஷின் திரையை மாமியார் பக்கம் திருப்பினேன்.

"நீலம் வெளிய போற ரத்தம். இந்தா, இந்தச் சிவப்பு திரும்பி வருது. வரக்கூடாதுங்க."

குனிந்து பார்த்தார். "ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு துடிப்புக்கும்."

மருமகளிடம் கேட்டார்: "மெட்ராசு ரயிலு காலைல எத்தினி மணிக்குடி?"

ரேவதி ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, மறு கையை வயிற்றில் வைத்து, கோபம் இல்லாமல் சொன்னாள்: "போன வருசம் சொல்லியிருந்தீங்கன்னா, மேடம், நான் ஒருத்தி மட்டும் போயிருப்பேன்."