மூன்றாவது குறிப்பு பிழை

மார்ச் 10, செவ்வாய்

பனி கரைகிறது. எங்கள் வில்லரே பகுதி முழுக்கச் சேறு. சப்பாத்துக்குள் தண்ணீர்.

ஞாயிறு தங்கை நிலாவுக்குக் காது குத்து. அவளுக்குப் பதினொரு மாதம். வாங்க வேண்டியவை: வாழைப்பழம், வெற்றிலை, கற்கண்டு. வாங்க முடியாதது: மாமாவின் மடி. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரே மாமா, அம்மாவின் தம்பி குமரன். எல்லைக்கு அப்பால், அமெரிக்காவில், அல்பனியில்.

வருவாரா தெரியாது. போன கிழமை ஃபோனில் அப்பாவோடு சண்டை. அமெரிக்க ஜனாதிபதி பற்றி. ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

மாமா: "கறுப்பு ஜனாதிபதி இருக்கேக்கை அவரின்ரை மருத்துவக் காப்புறுதிச் சட்டம் பிழை எண்டன். என்னை இனவாதி எண்டவங்கள். இப்ப நீங்கள் இவரை நாள் முழுக்கத் திட்டுறியள். இது மட்டும் நியாயமோ, அத்தான்?"

அப்பா: "அமெரிக்காவிலை பிறந்தனியோ எண்டு அவரிட்டைப் பிறப்புச் சான்றிதழ் கேட்டவங்கள். இவரிட்டை ஆராவது கேட்டவையே?"

"நான் கேட்டனானே?"

"கேட்டவங்களோடைதானே நிக்கிறாய். நீயும் அவங்கள்தான்."

மாமா ஃபோனை வைத்த சத்தம். குடும்ப வட்சப் குழுவில் இப்போது மாமா இல்லை.

அம்மா, பாத்திரம் கழுவியபடி: "அந்த ஜனாதிபதிக்கு இவை ரெண்டு பேரையும் தெரியுமே?"

சிரித்தா. பிறகு நெடுநேரம் ஒரே கோப்பையைக் கழுவினா.

மார்ச் 11, புதன்

வகுப்பில் விவாதத்துக்குச் சீட்டு எடுத்தோம். எனக்கு விழுந்தது: ‘இனவாதம் என்ற சொல்லைக் காட்டி ஜனாதிபதி மீதான விமர்சனத்தை அடக்குகிறார்கள்.’ அதாவது மாமாவின் பக்கம். மாற்றித் தரச் சொன்னேன். ஆசிரியை மாட்டேன் என்றா: "நோன்."

இரண்டு குறிப்பு எழுதினேன். பிரெஞ்சில் வரவில்லை. மாமா பேசியது காதில் இருந்ததால் தமிழிலேயே வந்தது.

மார்ச் 12, வியாழன்

தாளை மேசையில் விட்டது என் பிழை. அப்பா வேலையால் வந்து பார்த்துவிட்டார்.

"நீயுமோ?"

"சீட்டிலை விழுந்தது, அப்பா."

கதிரையை இழுத்து இருந்தார். என் சிவப்புப் பேனையை எடுத்தார். எல்லாவற்றையும் வெட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"இது காணாது. குமரன் இப்பிடிச் சொல்லமாட்டான்."

"பேந்து எப்பிடிச் சொல்லுவார்?"

"கறுப்பர் எண்டதுக்காக ஒரு தலைவரைக் குறை சொல்லாமல் விடுறதும் அவரைக் குறைச்சு மதிக்கிறதுதான் எண்டுவான்." அதையே தாளில் எழுதினார். "கெட்டிக்காரன்."

அரை மணி நேரம். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இரண்டையும் திருத்தினார். மூன்றாவதைத் தானே எழுதினார்: ‘வெள்ளையனல்லாத நானும் இந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறேன். பிறகு எப்படி இது இனவாதக் கட்சி?’

மாமாவின் பேச்சு அப்பாவுக்கு இவ்வளவு மனப்பாடமா!

மார்ச் 13, வெள்ளி

தாளைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். ஒருவரையும் கேட்கவில்லை. கணித வகுப்பு முழுக்க மேசைக்குக் கீழே ஃபோனைப் பார்த்தேன்.

மதியம் பதில்: "அத்தான்ரை எழுத்தெல்லோ?"

"ஓம் மாமா."

பிறகு: "முதல் ரெண்டும் என்னைவிட வடிவாச் சொல்லியிருக்கிறார். மூண்டாவது பிழை. வந்து சொல்லுறன்."

அப்பாவுக்குக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். "என்ன பிழையாம்?" பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். படியில் பனியே இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

வெயில். ஒன்பது மணிக்கு மாமா. எல்லையில் ஏன் போகிறாய் என்று கேட்டார்களாம். "மருமகளுக்கு ஒரு மடி வேணுமாம் எண்டன். சிரிச்சிட்டு விட்டிட்டான்."

கதவைத் திறந்தது அப்பா. "மூண்டாவது என்ன பிழை?"

மாமா சப்பாத்தும் கழற்றவில்லை. "என்ரை தோலைக் காட்டிக் கட்சியைக் காப்பாத்தமாட்டன், அத்தான். போன மாதம் வேலையிலை ஒருத்தன் உன்ரை நாட்டுக்குப் போ எண்டவன். அவனும் நானும் ஒரே ஆளுக்குத்தான் வாக்குப் போட்டனாங்கள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"‘பாத்தியே, நான் சொன்னனான்’ எண்டுவியள்."

அப்பா யோசித்தார். "ஓம். எண்டிருப்பன்." மாமாவின் கோட்டை வாங்கிக் கொழுவினார். "நீயும் ‘அவங்கள்தான்’ எண்டது என்ரை பிழை."

ஓடிப்போய் மூன்றாவதை வெட்டினேன்.

மாமாவின் மடியில் நிலா வீறிட்டாள். கையை மாமா பிடிக்க, தலையை அப்பா. குத்த வந்தவர் தேத்தண்ணி குடித்துப் போய்விட்டார். இரண்டு பேரும் இன்னும் பிள்ளையை விடவில்லை.

மாமா: "ஆனா அத்தான், அந்தச் சட்டம்..."

"மெல்லக் கதை. பிள்ளை நித்திரை."